கடற்படைக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கடற்படையில் பணியாற்றும் இளைஞர் ஒருவரின் பெற்றோர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



கடற்படையில் பிள்ளை இருக்கும் பெற்றோர் என்ற முறையில் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று நிர்வாகத்தினர் எங்களைக் கேட்டுக்கொண்டனர். மேடையில் பேசிப் பழக்கமில்லாத காரணத்தால், நாங்கள் இருவரும் கலந்து எழுதியதை வாசிக்கின்றோம். மகனின் பெயரையோ, அவன் பணிபுரியும் கப்பலின் பெயரையோ இவ்வுரையில் சொல்லப் போவதில்லை. அவன் யார் என்பது இங்கே அனைவருக்கும் தெரியும். ஆயினும் இந்த உரை மலரில் அச்சாகும்; மலர் எங்கெல்லாம் போகும் என்பதை யாரும் சொல்ல முடியாது. இதற்கான காரணத்தைப் பின்னர் விளக்குவோம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குக் கடல் வெகுதூரம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் தலைமுறை தலைமுறையாகச் சென்னைத் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து சென்றிருக்கிறது. தோலோடு நம்மவர் கப்பல் ஏறியதில்லை. பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்களும் விமானத்தில்தான் சென்றார்கள். கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகியவற்றின் நிலை வேறு. அங்குள்ள மரைக்காயர்கள் மரக்கலம் ஓட்டிப் பெயர் பெற்றவர்கள். மலையாளக் கரையில் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக நின்று போர்ச்சுகீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களின் பெயர், மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்றுக்கு 'ஐ.என்.எஸ். குஞ்ஞாலி' என்று இன்றும் வழங்கி வருகின்றது. இதை நம் பிள்ளைகளுக்கு மக்தபில் யாரேனும் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் மகன் நீந்தக் கற்றது விவசாயக் கிணற்றில். பன்னிரண்டாம் வகுப்பு வரை அவன் கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறை, மெரினாவில். அப்படிப்பட்டவன் கடற்படைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது உறவினர்களில் பலர் முகம் சுளித்தனர். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் நான்கே ஆண்டுகள். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய் என்று தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய் என்று உயரும். அதில் முப்பது விழுக்காட்டைப் பிடித்து வைத்து, அதே அளவு தொகையை அரசும் சேர்த்து, நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயாகத் தருகின்றார்கள். ஓய்வூதியம் கிடையாது. ஓர் அணியில் அதிக அளவாக நான்கில் ஒரு பங்கினரையே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்ற மூவரும் வீடு திரும்ப வேண்டும். "காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தால் நான்காண்டில் மேற்பார்வையாளர் ஆகியிருப்பானே" என்று ஒரு பெரியவர் சொன்னார். அது கணக்குப்படி சரிதான். நாங்கள் அவருக்கு எதிர்க்கணக்கு எதுவும் சொல்லவில்லை. பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தான், நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

பயிற்சி ஒடிசா மாநிலத்தில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சிலிகா தளத்தில் நடைபெறுகின்றது. 1980ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தளம் அது. முதலாவது அக்னிவீர் அணியின் நிறைவு அணிவகுப்பு 2023 மார்ச் 28 அன்று அங்கே நடந்தது. ஏறத்தாழ 2,600 பேர்; அவர்களுள் 270க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். வழக்கத்துக்கு மாறாக அந்த அணிவகுப்பைச் சூரியன் மறைந்த பிறகு விளக்கொளியில் நடத்தினார்கள். எங்கள் மகன் அதற்குப் பின்வந்த அணிகளுள் ஒன்றைச் சேர்ந்தவன். பயிற்சி முடித்து முதல் விடுப்பில் வந்தபோது அவன் விடியற்காலையில் தானாக எழுந்து, படுக்கையை மடித்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். எங்களுள் தாயாக இருப்பவர் மகிழ்வதற்குப் பதிலாக அழுதார். ஏன் என்று கேட்டதற்கு, "இனி எனக்கு இவனிடத்தில் என்ன வேலை இருக்கிறது?" என்றார்.

பிள்ளை ஊரில் இல்லாத பெற்றோர் நம் மஹல்லாவில் பலர் உண்டு. துபாயிலோ ரியாதிலோ இருக்கும் மகன் இரவு உணவுக்குப் பின் அலைபேசியில் முகம் காட்டுவான். கப்பலில் இருப்பவன் அப்படி அல்ல. கரையை விட்டுக் கப்பல் அகன்றதும் தொடர்பு அறுந்துவிடும். பத்து நாளோ நாற்பது நாளோ, எதுவும் தெரியாது. கடிதம் எழுதினாலும் முகவரியில் ஊர்ப்பெயர் வராது. பெயர், பணி எண், கப்பலின் பெயர், அதன்கீழ் மும்பை அல்லது விசாகப்பட்டினத்தில் உள்ள கப்பற்படை அஞ்சலகம், அவ்வளவுதான். கப்பல் எங்கே நின்றாலும் அஞ்சலகத்தார் தேடிச் சேர்ப்பார்கள். எழுதுகின்ற எங்களுக்கு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நீங்கள் அன்போடு கேட்கின்றீர்கள்: "பையன் இப்போது எங்கே இருக்கின்றான்?" நாங்கள் "கடலில் இருக்கின்றான்" என்று மட்டும் சொல்கின்றோம். சிலருக்கு இது மனவருத்தம் தந்திருப்பதை அறிவோம். பெருமை பேசுகின்றோம் என்றும், மறைக்கின்றோம் என்றும் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். உண்மையில் பெரும்பாலான நாட்களில் எங்களுக்கே தெரியாது. தெரிந்த நாட்களிலும் சொல்லக் கூடாது.

2019 டிசம்பரில் ஆந்திரக் காவல்துறை கடற்படையினர் ஏழு பேரைக் கைது செய்தது நினைவிருக்கலாம். சமூக ஊடகத்தில் பெண்களின் பெயரில் பழகியவர்களிடம் கப்பல்களின் நடமாட்டத்தைச் சொல்லிவிட்டார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அதே மாதத்தில் கப்பல்களிலும் தளங்களிலும் முகநூலையும் திறன்பேசியையும் கடற்படை தடை செய்தது. பணியில் இருப்பவனுக்குத் தடை போடலாம். வீட்டில் இருக்கும் தாய்தந்தையருக்கும் மாமன் மச்சானுக்கும் யார் தடை போடுவது? "என் மகனின் கப்பல் நாளை இன்ன துறைமுகத்துக்கு வருகிறது" என்று ஒரு தகப்பன் மகிழ்ச்சியில் பதிவிட்டால் போதும். எங்கள் மகனின் சீருடைப் படத்தைக் கப்பலின் பெயரோடு மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தாகப் போட்ட அன்பரை நாங்கள் தனியே சந்தித்து நீக்கக் கேட்டுக்கொண்டோம், உடனே நீக்கினார். அவருக்கு நன்றி.

பிள்ளையைப் பற்றிப் பேசுவதுதான் பெற்றோரின் பெருமை என்று உலகம் நினைக்கின்றது. எங்களுக்கு வாய்த்த பெருமை வாயை மூடிக்கொண்டிருப்பதில் இருக்கின்றது. இது பழகுவதற்குச் சுலபமானது அல்ல. குறிப்பாகத் திருமண வீடுகளில்!

2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை பாகிஸ்தானோடு மோதல் நடந்த நாட்களில் இது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தோம். 8ஆம் தேதி இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகத் தொலைக்காட்சிகள் சில முழங்கின. திரையில் தீப்பிழம்புகள். மகனிடமிருந்து பல நாட்களாக எந்தச் செய்தியும் இல்லை. சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது, அவர்களுக்குத் தெரிந்ததைவிட ஒரு துளியும் அதிகமில்லை. பிறகு பார்த்தால் அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை. படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்ட வேண்டாம் என்று அரசு அதற்கு முன்பே, ஏப்ரல் 26 அன்றே, ஊடகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. காட்டியவர்களுக்கு அது ஓர் இரவு வியாபாரம். அந்த இரவில் தஹஜ்ஜுத் வரை விழித்திருந்த வீடுகள் நாடெங்கும் எத்தனை இருந்திருக்கும்!

அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. 1971 டிசம்பர் 9 அன்று டையூ கடற்பகுதியில் 'குக்ரி' என்ற நமது போர்க்கப்பல் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் அதனோடு போனார்கள். கப்பல்தலைவர் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க முயலாமல் கப்பலோடு நின்றார். நிலத்தில் மாண்டவனுக்கு மண் கிடைக்கும். கஃபனிட்டு அடக்கலாம், கப்ரைப் போய்ப் பார்க்கலாம். அந்த 194 வீடுகளுக்கு அதுவும் இல்லை. டையூவில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுச் சின்னம் இருக்கின்றது. போர் இல்லாத காலத்திலும், 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறையில் நின்றுகொண்டிருந்த 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கி வெடித்து அதிலிருந்த 18 பேரும் இறந்தனர். பிள்ளையை அனுப்பும்முன் இவற்றையெல்லாம் நாங்கள் படித்தோம். அனுப்ப நினைக்கும் பெற்றோரும் படித்துவிட்டு அனுப்புவதே நல்லது. பின்னால் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

இதே கடற்படையை மற்றொரு கோணத்திலும் நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஏமனில் போர் மூண்டபோது ஏடன் துறைமுகத்துக்குள் 'சுமித்ரா' என்ற சிறிய ரோந்துக் கப்பல் புகுந்தது; முதல் பயணத்தில் 349 பேரை ஏற்றி ஜிபூட்டிக்குக் கொண்டுசேர்த்தது. விமானங்களும் கப்பல்களுமாகச் சேர்ந்து அப்போது 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டன. 41 நாட்டுக் குடிமக்களும் அவற்றில் ஏறித் தப்பினார்கள். 2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தில் கொழும்பிலிருந்தும், மாலத்தீவிலிருந்தும், ஈரானின் பந்தர் அப்பாசிலிருந்தும் 'ஜலாஷ்வா' கப்பல் நம்மவர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பல்களில் சோறு வடித்தவனும், கயிறு பிடித்தவனும், வயதானவரைக் கைத்தாங்கலாக ஏற்றியவனும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான். அவனுடைய பெற்றோருக்கும் அந்த நாட்களில் அவன் எங்கே என்று தெரிந்திருக்காது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அருகில் அரக்கோணத்தில் 1992ஆம் ஆண்டு முதல் 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற கடற்படை விமானத் தளம் இயங்குகின்றது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் அங்கிருந்துதான் கடலுக்குப் போய்வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் சில நாட்கள் ராஜாளியில்தான் இறங்கின. மலைநாட்டாருக்கும் கடற்படைக்கும் தொடர்பில்லை என்று சொல்வோர் அரக்கோணம் வரை போய்வரட்டும்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். படகின் நீளம் 56 அடி. அதில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் 'நீமோ முனை' என்ற கடற்புள்ளியையும் கடந்தார்கள். நாங்கள் ஒரு மகனுக்காக நாற்பது நாள் காத்திருந்ததைப் பெரிதாகச் சொன்னோம். அந்தப் பெண்களின் வீட்டார் எட்டு மாதம் காத்திருந்தார்கள்.

"அங்கே மார்க்கத்தைப் பேண முடியுமா?" என்றும் கேட்கின்றார்கள். கடற்படையில் அனுமதி பெற்றுத் தாடி வைத்துக்கொள்ளலாம், மகன் வைத்திருக்கின்றான். தொழுகையும் நோன்பும் பணி நேரத்தை அனுசரித்து நடக்கின்றன. கப்பல் திரும்பும்போதெல்லாம் கிப்லாவும் மாறுகிறது என்று வேடிக்கையாகச் சொன்னான்.

இன்னும் சில மாதங்களில் அவனுடைய நான்காண்டு முடிகின்றது. அவன் அந்த நால்வரில் ஒருவனாக நிற்பானா, ஊர் திரும்புவானா என்பது அதன்பிறகே முடிவாகும். திரும்பினால் இருபத்து மூன்று வயதில், கடலில் இயந்திரம் பார்த்த கையோடு, இங்கே வந்து நிற்பான். அவனைப் போன்றவர்களுக்கு நம் பகுதித் தொழிற்சாலைகளில் என்ன இடம் தரலாம் என்று ஜமாஅத்தின் கல்விக் குழு இப்போதே யோசிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நான்காண்டு வீணாகிவிட்டது என்ற சொல்லோடு மட்டும் எவரும் அவனை வரவேற்க வேண்டாம்.

விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்களுக்கு: பதினேழரை வயது நிறைந்திருக்க வேண்டும். மாலுமிப் பணியின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் தேவை. எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகின்றது. தமிழ் வழியிலும் உருது வழியிலும் படித்த பிள்ளைகள் ஓராண்டு முன்னதாகவே தயாராக வேண்டும். இடைத்தரகர்கள் எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கடற்படையின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மகன் படித்த புத்தகங்களை மதரஸா நூலகத்துக்குக் கொடுத்திருக்கின்றோம். மேலும் விவரம் வேண்டுவோர் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வரலாம்.

உங்கள் துஆவில் அவனையும் அவனோடு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகின்றோம். வஸ்ஸலாம்.