திருத்தியும் துணை நிரல்களும்

எழுத்தைத் திருத்தும் கணினிக் கருவி எல்லாத் தொழிலையும் தானே கற்றிருத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை என்பதே யுனிக்ஸ் முறைமையின் விடை. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் 'குழாய்', டக்ளஸ் மக்கில்றோயின் கருத்தைத் தழுவி 1973ஆம் ஆண்டில் அங்கே அமைந்தது.

கலிபோர்ணியாவில் பில் ஜோய் ஆக்கிய 'வி.ஐ.' என்னும் திருத்தியும் இந்நெறியையே கைக்கொண்டது. ஒழுங்கின்றிக் கிடக்கும் பெயர்ப்பட்டியலைக் குறித்து, ஆச்சரியக்குறியுடன் 'சோட்' என்னும் நிரலை ஏவினால், பெயர்கள் அதனிடம் சென்று, வரிசைப்பட்டு, பழைய இடத்திலேயே வந்தமரும். அடிக்கடி வேண்டப்படும் ஏவலை ஒரே விசையில் பொதிந்துவைக்கவும் இயலும்.

ஆயின், ஏவப்பட்ட நிரல் தவறினால், பட்டியல் இருந்த இடத்தில் பிழைச்செய்தியே நிற்கவும் கூடும். உடனே 'யூ' விசையை அழுத்தினால் பழைய வரிகள் மீளும். ஆகவே, பிறரிடம் பணியை ஒப்படைத்தல் அறிவுடைமை. திரும்பி வந்ததை நோக்கிய பின்னரே கோப்பைச் சேமித்தல் அதனினும் அறிவுடைமை.