தாயை விளிக்கும் சொல்: ஆங்கில வட்டார வழக்குகள்



பெற்ற தாயின் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளை இது. அதனால் தாயைக் கூப்பிடும் சொல்லையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அச்சொல் ஊருக்கு ஊர் மாறுவதைக் காண்போம்.

தொல்காப்பியர் விளிமரபு என்று தனி இயலே வகுத்தார். பெயர்ச்சொல் கூப்பிடும்போது கொள்ளும் வடிவம் தனியே ஆராயத்தக்கது என்று அவர் கருதினார். அந்தக் கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்ப்போம். மதர் என்பது தாயைக் குறிக்கும் சொல். ஸ்காட்லாந்தின் மிதர் போன்ற சில திரிபுகள் உண்டென்றாலும், பொது எழுத்துநடையில் அது எங்கும் ஒன்றே. வேறுபாடு செழித்திருப்பது விளியில்.

லண்டனிலும் தென் இங்கிலாந்திலும் பிள்ளைகள் மம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதுவே. வடகிழக்கே நியூகாசில், டரம் பக்கம் மேம். வேல்ஸிலும் மேம், வேல்ஸ் மொழியில் தாய்க்குரிய சொல்லே அதுதான். அயர்லாந்தில் மேம், மேமி இரண்டும் வழங்குகின்றன.

பர்மிங்காமிலும் அதை ஒட்டிய பிளாக் கன்ட்ரியிலும் மொம். எழுத்துக்கூட்டலில் இதுவும் அமெரிக்கரின் மாமும் ஒன்றே. எனவே தொலைக்காட்சி தந்த பழக்கம் என்று பிற ஊரார் எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று. மூக்கொலிக்கு முன் வரும் அகர உயிர் ஒகரமாகக் குவிவது மேற்கு மிட்லண்ட்ஸ் பேச்சின் இடைக்கால இயல்பு. மனிதனைக் குறிக்கும் மேன் அங்கே மொன். கையைக் குறிக்கும் ஹேண்ட், ஹொண்ட். மொம் அந்த மண்ணின் வாய்க்கு இயைந்த சொல்.

உயிர் இப்படி மாறினாலும் மகரம் நிலைத்திருப்பது ஏன்? மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் இதை ஆராய்ந்தார். மானிடவியலாளர் மர்டாக் தொகுத்த, பெற்றோரைக் குறிக்கும் 1,072 சொற்களில், தாயைக் குறிப்பவற்றுள் 55 விழுக்காட்டில் மூக்கொலி இருந்தது. பால் குடிக்கும் குழந்தை வாய் எடுக்காமல் எழுப்பக்கூடியது மூக்கின் முனகல் ஒன்றே. அதுவே பின்னர்த் தாயை வேண்டும் குரலாகிறது என்றார் அவர். இது எங்கும் பொருந்தும் விதியன்று. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் தந்தை, தேதா என்றால் தாய்.

பள்ளிக்கூடம் பிள்ளையின் பேச்சில் பலவற்றைத் திருத்தும். தாயை விளிக்கும் சொல்லோ பள்ளிக்கு முன்பே வாயில் ஏறிவிடுகிறது, கேட்பவளும் ஒருத்தியே. அவள் அதற்குத் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், அது சரியான சொல். வட்டார வழக்குகள் தேயும் காலத்திலும் இது பிழைத்திருப்பதற்கு அதையே காரணமாகக் காண்கிறேன். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு பிரிட்டனில் அன்னையர் நாள். அன்று பர்மிங்காம் பிள்ளைகள் மொம் என்று அச்சிட்ட வாழ்த்து அட்டையையே தேடுகிறார்கள். மம் என்றிருக்கும் அட்டை பிறர் தாய்க்கு உரியது.

இந்த அறக்கட்டளையில் அந்தத் தாயின் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் அவரை அழைத்த சொல் இல்லை. மாணவர்களே, உங்கள் வீட்டில் பாட்டியையும் அவர் தாயையும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அழைத்தவர் போனபின் அச்சொல்லைச் சொல்ல ஆளிருக்காது.