நோன்பாளிக்கு முடிந்தது

 



ரமளான் மாதத்து மாலை வேளையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறக்கிறோம். கஞ்சிக் கோப்பை இன்னும் காலியாகவில்லை. அதற்குள் பள்ளிவாசல் சுற்றுச்சுவருக்கு வெளியே இருவர் மூவர் நின்று சிகரெட் பற்றவைக்கிறார்கள். இகாமத்துக்குள் அதை முடித்து, அவசரமாக வாய் கொப்பளித்துவிட்டு ஸஃப்பில் வந்து சேருகிறார்கள்.

அவர்களுள் ஒரு சகோதரர் ஒருநாள் தராவீஹுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், 25 வருஷப் பழக்கம். எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன், விட முடியவில்லை. துஆச் செய்யுங்கள்" என்றார்.

"இன்று ஸஹருக்குப் பிறகு எத்தனை சிகரெட் பிடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! நோன்பல்லவா, ஹஜ்ரத்?" என்றார்.

"13 மணி நேரம் நீங்கள் அதைத் தொடவில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் தொடவில்லை. 30 நோன்புக்குக் கணக்கிட்டால் 390 மணி நேரம். இத்தனை நேரம் விட்டிருந்த நீங்கள்தாமா 'முடியவில்லை' என்கிறீர்கள்?" என்றேன். அவர் மௌனமாகிவிட்டார். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

உடல் எனும் அமானிதம்

புகைப்பவரை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. புகையை உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே அதிலுள்ள நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுகிறது. அது உண்மையான அடிமைத்தளை. ஆயினும், அத்தளையோடு உள்ளே செல்வது எது என்பதை அறிந்துகொள்ளுங்கள். புகையில் 7000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், தீராத மூச்சிறைப்பு ஆகியவற்றுக்கு அது வாசலாகிறது. நீரிழிவு உள்ளவர் புகைத்தால் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் மேலும் சுருங்குகின்றன. ஆறாத புண்ணால் காலையே எடுக்கும் நிலை வருகிறது. பீடி சிறியதுதானே என்று எண்ணுவோரும் ஏமாறுகிறார்கள். அது எளிதில் அணைந்துவிடுவதால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது, நஞ்சு குறைவதில்லை.

உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் மரணிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களுள் புகைக்காமலேயே பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்களும் அடங்குவர். நம் வீட்டின் மனைவி மக்கள் அந்தக் கூட்டத்தினர்தாம். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு ஆஸ்துமாவும் காது நோயும் எளிதில் வருகின்றன. அந்தப் பச்சிளங் குழந்தை நம்மிடம் என்ன குற்றம் செய்தது?

"மக்ரூஹ்தானே?"

இப்படிக் கேட்கும் சகோதரர்களும் உண்டு. முற்கால இமாம்களின் காலத்தில் புகையிலை நம் நாடுகளில் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த பொருள் அது. அதன் தீங்கு முழுமையாகத் தெரியாத நிலையில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இன்று தீங்கு பட்டப்பகல்போல் தெரிந்துவிட்டதால், இக்கால அறிஞர்கள் பலர் ஹராம் என்றே தீர்ப்பளித்துள்ளனர்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்லாஹு தஆலா அல்பகறா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். ஆயுளை எதில் கழித்தாய், பொருளை எதில் செலவிட்டாய், உடலை எதில் தேய்த்தாய் என்று மறுமையில் விசாரிக்கப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அதன் வாடையோடு பள்ளிக்கு வரலாகாது என்றும் தடுத்தார்கள். பூண்டு ஹலாலான உணவு! அதற்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், சுற்றுச்சுவருக்கு வெளியே புகைத்துவிட்டு உள்ளே வருவதை என்னென்பது?

எங்கள் மஹல்லாவில் முதல் ஸஃப்பை விடாத பெரியவர் ஒருவர் இருந்தார். இன்று அவர் வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து சைகையால் தொழுகிறார். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். குனிந்தாலே மூச்சு முட்டுகிறது. நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், நெற்றியைத் தரையில் வைத்து ஒரேயொரு ஸஜ்தா செய்ய ஆசையாக இருக்கிறது" என்றார். சிலிண்டர் வந்த பிறகுதான் அவர் புகையை விட்டார். அன்பர்களே, ஸஜ்தா செய்யும் ஆற்றல் இருக்கும்போதே விட்டுவிடுங்கள்!

விடுவது எப்படி?

பிரிட்டனில் 1951இல் தொடங்கி 50 ஆண்டுகள் மருத்துவர்களையே கண்காணித்த ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. புகைத்துக்கொண்டே இருந்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக மரணித்தனர். ஆனால் 30 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ அந்த 10 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9, 50 வயதில் விட்டவர்கள் 6, 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. காரணங்களைப் பேணுவது நம் கடமை. காலம் கடந்துவிட்டதென்று எவரும் நிராசை அடைய வேண்டாம்.

புகைப்பதை நிறுத்திய 12 மணி நேரத்தில், இரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்ஸைடு எனும் நச்சுவாயு இயல்பான அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு நோன்பாளியும் இஃப்தார் வேளையில் அந்நஞ்சு நீங்கியவராகவே அமர்ந்திருக்கிறார். அந்த இரத்தத்தைத்தான் அடுத்த 5 நிமிடத்தில் மீண்டும் மாசுபடுத்துகிறார்!

எனவே நிய்யத்தை நீட்டுங்கள். பகலில் அல்லாஹ்வுக்காக விட்டதை இரவிலும் அவனுக்காகவே விடுங்கள். முதல் மூன்று நாள்கள் கடினமானவை. எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் வரும். பின்னர் சில வாரங்களில் அவை தணிந்துவிடும். ஆசை எழும்பும்போது அது சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் எழுந்து ஒளுச் செய்யுங்கள், மிஸ்வாக் செய்யுங்கள், நோன்பில்லாவிட்டால் தண்ணீர் அருந்துங்கள். புகைக்கும் நண்பர்களோடு தேநீர்க் கடையில் நிற்பதைச் சிலகாலம் தவிருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரை அணுகுங்கள்; நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவிகள் உள்ளன. இந்திய அரசின் 1800-11-2356 எனும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

இடையில் ஒருநாள் சறுக்கினால் எல்லாம் போயிற்றென்று பழைய இடத்துக்கே திரும்பிவிடாதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். வீட்டிலுள்ள தாய்மார்களே! அவர் சினந்து பேசும் அந்தச் சில நாள்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள், குத்திக்காட்டாதீர்கள்.

அடுத்த ரமளானுக்காகக் காத்திருக்க வேண்டாம். மவ்த்து நமக்காகக் காத்திருப்பதில்லை. வரும் திங்கட்கிழமை ஸுன்னத்தான நோன்பு ஒன்று வையுங்கள். இஃப்தாருக்குப் பின் பள்ளிவாசலின் சுவருக்கு வெளியே போகாமல் உள்ளேயே அமர்ந்திருங்கள். உங்கள் விடுதலை அங்கிருந்து தொடங்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உடலை உனது அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! எங்கள் குழந்தைகள் தூய காற்றைச் சுவாசிக்கும் இல்லங்களை அருள்வாயாக! கடைசி மூச்சுவரை நெற்றியைத் தரையில் வைத்து உனக்கு ஸஜ்தா செய்யும் நஸீபை எங்களுக்கு வழங்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!