க்ரீம் பிஸ்கட்டில் க்ரீம் எங்கே?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு வழக்கம்போல க்ரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். எடையில் அதிகமுள்ள பொருளை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் இருக்கும். நடுவில் உள்ள ‘க்ரீம்’ பாலேடு அல்ல. சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் குழைத்தது.

இவற்றில் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது சுமார் 37 கிராம். 100 கிராம் பாக்கெட் ஒன்றே கிட்டத்தட்ட அதை முடித்துவிடும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது.

நம் ராமநாதபுரம் பக்கம் தை மாதம் பனங்கிழங்கு காலம். அவித்த கிழங்கும் நிலக்கடலையும் கொடுப்போம். கருப்பட்டி மிட்டாயும் இனிப்புதான். ஆளுக்கு ஒன்று போதும். வீட்டில் எப்போதாவது இரண்டு பிஸ்கட் தின்னட்டும். விழாவில் நாமே பாக்கெட்டாகக் கொடுக்க வேண்டாம். சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.