புற்றுநோய் காத்திருக்காது
(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனா என்றதும் முகக்கவசமும் ஆக்ஸிஜன் சிலிண்டரும்தான் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தத் தொற்று தங்களுக்கு வராமலேயே அதனால் பெரிதும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. புற்றுநோயாளிகளைத்தான் சொல்கிறேன்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பே பயணிகள் ரயில்கள் நின்றுவிட்டன. நம் தேசத்தில் இந்த வியாதிக்குப் பலர் வெளியூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வருபவர்கள் ஏராளம். ரயில் நின்றதும் அவர்களில் பலருக்குச் சிகிச்சையும் நின்றது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. நாட்டிலுள்ள 41 புற்றுநோய் சிகிச்சை மையங்களின் விவரங்களைத் திரட்டி, 2021-இல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2019 மார்ச் முதல் மே வரை அங்கு புதிதாகப் பதிவு செய்துகொண்டவர்கள் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர்தான். பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மீதி அறுபதாயிரம் பேரைப் புற்றுநோய் விட்டுவிட்டதா என்ன? வியாதி வந்தது. அவர்கள்தான் டாக்டரிடம் வந்து சேரவில்லை.

டாக்டர்களுக்கும் அது தர்மசங்கடமான நேரம். கீமோதெரபி கொடுத்தால் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது தொற்று வந்தால் ஆபத்து. கொடுக்காவிட்டால் கட்டி வளரும். சிகிச்சை நான்கு வாரம் தாமதமானாலே மரண அபாயம் 6 முதல் 13 சதவிகிதம் வரை கூடுகிறது என்று 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்கிறது.

ஆனாலும் வழி இருந்தது. அதே டாடா மருத்துவமனையில், ஊரடங்கின் முதல் வாரங்களில் மட்டும் 494 பேருக்குத் திட்டமிட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த அறுவை சிகிச்சையை ஒட்டி அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்தில் 15 தடவை கொடுக்கும் கதிர்வீச்சை, பலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2020 ஏப்ரலில் வெளியாயிற்று. தொலைபேசியில் ஆலோசனை சொல்வதற்கான விதிமுறைகளையும் நம் அரசாங்கம் ஊரடங்கு தொடங்கிய அன்றே வெளியிட்டது. கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு வழி கிடைத்தது. கேட்காமல் வீட்டிலேயே இருந்தவர்கள்தான் அதிகம் நஷ்டப்பட்டார்கள்.

கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டது. தள்ளிப்போடும் வழக்கத்தை நாம் இன்னும் விலக்கிக்கொள்ளவில்லை. "ஆடி கழியட்டும்", "பேத்தி கல்யாணம் ஆகட்டும்", "பிள்ளை அமெரிக்காவிலிருந்து வரட்டும்" என்று சொல்லி எத்தனை மாமிகள் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்! கொரோனா அந்தப் பட்டியலில் இன்னொரு காரணத்தைச் சேர்த்தது, அவ்வளவுதான்.

ஆகவே மூன்று விஷயங்கள் சொல்கிறேன். முதலாவது, மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மலத்தில் ரத்தம் - இவற்றில் எது இருந்தாலும் நாள் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, சிகிச்சையில் இருப்பவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்துப் பிள்ளைகளிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வெளியூர் போக முடியாத நிலை வந்தால், உள்ளூர் டாக்டர் அதை வைத்துக்கொண்டு மேலே செய்ய முடியும். மருந்தை நிறுத்துவதா, தள்ளிவைப்பதா என்பதை நாமாகவே முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் எல்லாக் கிளைகளிலும் உண்டு. அவர்கள் பெயரை எழுதி வைத்து, வாரம் ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள். பரிசோதனைக்குத் துணைக்கு ஒருவர் போய்வாருங்கள். பலர் போகாமல் இருப்பது பயத்தால் மட்டுமல்ல, கூட வர ஆள் இல்லாததாலும்தான். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தேவைப்படும் அந்தப் பட்டியலை இந்த மாதமே தயாரித்து வைப்போம்.