தேர்க்காலும் மோட்டார் சைக்கிளும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மகாசபையில் தமிழ் விஷயம் ஒன்றைப்பற்றிப் பேசவேண்டுமென்று நிர்வாக சபையார் எம்மைப் பணித்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார் சைக்கிள். இது தமிழ்ப் பண்டிதர் பேசும் பொருளாகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். நம் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வெளிவரும் இரங்கற் செய்திகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்க்கு அவ்வையம் நீங்கும். முதுமையால் மறைந்தாருடைய பெயர்களினிடையே, மீசை அரும்பிய பருவத்துப் பிள்ளைகளின் படங்களும் வருகின்றன. அவற்றின்கீழ் ‘சாலை விபத்தில்’ என்னும் இரண்டு சொற்களே பெரும்பாலும் காரணமாகக் காணப்படுகின்றன. ஆகலின் இதனைப் பேசுதல் எம் கடமையென்று துணிந்தோம்.

முதற்கண் நோயின் அளவை அறிவோம். 2022 ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. அவற்றில் மாண்டோர் 1,68,491 பேர். இது மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. மாண்டாருள் 74,897 பேர் இருசக்கர வண்டியிற் சென்றவர். நாளொன்றுக்கு இருநூற்றைவர் என்று வகுத்துக் காண்க. அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடம் பெற்றது, 64,105 விபத்துக்கள். உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்தை அடுத்து இரண்டாமிடம், 17,884 உயிர்கள். நாடு முழுவதிலும் மாண்டவருள் மூவரில் இருவர் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர். குடும்பத்தைத் தாங்கும் வயது இது. தந்தைக்குப் பிள்ளை செய்யவேண்டிய கடனைப் பிள்ளைக்குத் தந்தை செய்யும் அவலம் எத்தனை வீடுகளில் நிகழ்ந்திருக்கவேண்டுமென்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழர் நன்கறிந்த சாலை விபத்தொன்று உண்டு. அது திருவாரூரில் நிகழ்ந்தது. மனுநீதிச் சோழன் மைந்தன் தேரேறிச் செல்லுங்கால், துள்ளி வந்த ஆன்கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறுகின்றார். மன்னன் நீதி வழுவாமையையே நாம் பெரும்பாலும் வியக்கின்றோம். அவ்வரலாற்றில் வேறொரு நுட்பமும் உளது. கன்று தானே வந்து விழுந்தது என்பது ஒரு சமாதானம். நூல்களிற் கூறிய கழுவாய் செய்தால் அமையும் என்பது மற்றொரு சமாதானம். இரண்டும் மன்னன்முன் வைக்கப்பட்டன. இரண்டையும் அவன் ஏற்றானல்லன். குடிகளுக்கு நேரும் அச்சங்களை அவன் எண்ணும்போது பகைவரையும் கள்வரையும் பின்னே நிறுத்தித் தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் முன்னே நிறுத்துகின்றான். தன் வீட்டுத் தேர் பிறர்க்கு அச்சமாகலாகாது என்பது அவன் கொள்கை. இன்று நாமோ, விபத்தென்று கேட்டவுடன் எதிரே வந்த லாரியைப் பழிக்கின்றோம், குழி விழுந்த சாலையைப் பழிக்கின்றோம், ஊழைப் பழிக்கின்றோம். லாரியும் குழியும் பழிக்கத்தக்கனவே. சாலையைச் செப்பனிடாத அதிகாரிகளைத் தட்டிக் கேட்பதும் நம் உரிமையே. ஆயினும் நம் வீட்டுத் தேரை முதலில் நோக்குதல் மனுவின் வழி.

வேகத்தைப்பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கின்றது. எதிரே ஓர் ஆடு குறுக்கிடுவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு நொடி ஆகின்றது. அதற்குள் 17 மீட்டர் போயிற்று. பின்னர் உலர்ந்த நல்ல சாலையிலும் வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால் 24 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தொலைவு ஏறக்குறைய இரு மடங்காகின்றது. மணலோ மழைநீரோ சாலையில் இருப்பின் சொல்லவேண்டுவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத பொருளொன்றின்மேல் மோதுதல், 14 மீட்டர் உயரத்தினின்றும், அஃதாவது நான்கு மாடி வீட்டின் உச்சியினின்றும், விழுதற்கு ஒப்பாகும். இவ்வளவு அபாயத்திற்கு நாம் பெறும் ஊதியம் யாது? பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு ஐந்து நிமிஷம். அவ்வைந்து நிமிஷத்தை டீக்கடையில் செலவிடுவதற்கு நம் இளைஞர் சிறிதும் தயங்குவதில்லை.

அடுத்துத் தலைக்கவசம். மேற்கூறிய 2022 ஆம் ஆண்டில் மாண்டாருள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதிருந்தவர். அவருள் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர். அணிந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று யாம் கூறவில்லை. மார்பிலும் வயிற்றிலும் படும் அடியைத் தலைக்கவசம் தடுக்காது. ஆயினும் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2008 இல் வெளியிட்ட முடிவு யாதெனில், தலைக்கவசம் சாவின் அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தின் அபாயத்தை 69 பங்கும் குறைக்கின்றது என்பதே. இத்துணைப் பயன் தரும் மருந்து ஒன்றை வைத்தியர் கொடுத்தால் வேண்டாமென்பார் உளரோ?

இவ்வறிவு உலகிற்கு வந்த வரலாறு கேட்கத்தக்கது. முதல் உலகப் போரில் அரபு நாட்டிற் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1935 ஆம் ஆண்டு மே 13 இல் மோட்டார் சைக்கிளிற் சென்றபோது, சைக்கிளிற் சென்ற இரண்டு சிறுவர்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பி வீழ்ந்தார். தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே மே 19 இல் இறந்தார். அவரைக் கண்ட வைத்தியருள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் ஒருவர். அவர் இவ்விஷயத்தை ஆராயத் தலைப்பட்டார். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளிற் சென்ற 2,279 பேர் மாண்டதை எடுத்துக்காட்டி, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941 இல் எழுதினார். அவ்வாண்டு இறுதிக்குள் அந்நாட்டுப் படையில் அது கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கோ 1973 இல்தான் சட்டமாயிற்று. கெய்ர்ன்ஸ் 1952 இலேயே காலமாயினார். ஓர் உண்மை புலனானபின்னும் மக்கள் அதனை ஏற்க முப்பத்திரண்டு ஆண்டு சென்றது. நாமும் அவ்வாறு காலங்கழிக்க வேண்டுவதில்லை. வியத்நாம் நம்மைப்போல் வளர்ந்துவரும் நாடு. வீதியெங்கும் மோட்டார் சைக்கிள் நிறைந்த நாடு. 2007 ஆம் ஆண்டு டிசம்பர் 15 முதல் அங்கே எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. சில மாதங்களுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். செல்வம் மிக்க நாட்டாரே இது செய்யமுடியும் என்பது பொய்யாயிற்று.

நம் நாட்டில் சட்டம் இல்லையோவெனில், உண்டு. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 129 ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகின்றது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டம் ஆயிரம் ரூபாயாயிற்று. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கவசம் வேண்டும். இருந்தும் நாம் காண்பதென்ன? கவசம் கண்ணாடிமேல் தொங்குகின்றது. பெட்ரோல் தொட்டிமேல் அமர்ந்திருக்கின்றது. போலீஸ்காரர் தலை தெரிந்தவுடன் நம் தலைக்கு ஏறுகின்றது. வெயிலிற் புழுங்குகிறது, தலைமயிர் உதிர்கிறது, காது கேட்கவில்லை என்னும் காரணங்களை நாள்தோறும் கேட்கின்றோம். எல்லாம் தலையெழுத்தின்படி நடக்கும் என்பாரும் உளர். அவ்வெழுத்து எழுதப்பட்ட ஏட்டையாவது உடையாமற் காத்துக்கொள்க என்பதே யாம் அவர்க்குக் கூறும் விடை.

கவசம் வாங்குங்கால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று நோக்குக. அதன் உட்புறத்தில் தெர்மோகோலை ஒத்த கெட்டியான நுரைப்பொருள் உண்டு. அடிபடும்போது அது நசுங்கித் தாக்குதலைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. அஃதின்றி வெறும் ஓடாக விற்பது பயனற்றது. பெரிய அடி ஒன்று பட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. தாடைப்பட்டையைப் பூட்டாமல் அணிதலும் அணியாமையே. விழுந்தவுடன் கவசம் ஒருபுறமும் தலை ஒருபுறமும் போகும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குடும்பத்தலைவர் கவசமணிந்து முன்னே அமர, மனைவியும் மடியிற் குழந்தையும் வெறுந்தலையராய்ப் பின்னே செல்லும் காட்சி நம் ஊர்களில் இயல்பாயிற்று. சாலைக்கு அவருடைய தலையென்றும் இவருடைய தலையென்றும் வேற்றுமை தெரியாது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்திற் சிக்கிக் கழுத்தை இறுக்குதலும், பின்னிருப்பாரைக் கீழே இழுத்தலும் நிகழ்கின்றன. பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கும் காப்பு வேண்டுமென்று விதியிருக்க, அழகு கருதிச் சிலர் அதனைக் கழற்றி எறிகின்றனர். அதனை மீண்டும் பூட்டுவிக்க வேண்டியவர் நீங்களே. தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டே வண்டியேறுக.

இனிப் பெற்றோர்க்கு. ஐம்பது சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைப் பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டுதல் குற்றம். அங்ஙனம் ஓட்டின், 199ஏ என்னும் பிரிவின்படி பாதுகாவலரும் வண்டிக்குரியவரும் குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. மகன் ஏறிய தேருக்குத் தந்தை பொறுப்பென்று திருவாரூரில் மன்னன் தானே ஏற்றுக்கொண்ட அறத்தை இன்று சட்டம் நம்மேற் சுமத்துகின்றது. எம்மிடம் பயின்ற மாணாக்கனொருவன் பத்தாம் வகுப்பில் நல்ல எண் பெற்றான் என்று தந்தையார் புதுவண்டி வாங்கித் தந்தார். பதினோராம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இரண்டு மாதமே இருந்தது. அத்தந்தையார் இன்றும் பள்ளி வழியே செல்லுங்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்வார். பரிசளிக்க வண்டியைத் தவிர வேறு பொருளே இல்லையோ?

விபத்து நேர்ந்தபின் செய்வன சில உள. கண்டார் கைப்பேசியிற் படம் பிடித்து நிற்றல் அறமன்று. 108 என்னும் எண்ணுக்கு உடனே சொல்லுதல் வேண்டும். குருதி ஒழுகுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க. நினைவிழந்தார் வாயில் நீர் வார்க்கலாகாது. வேறு அபாயம் இல்லாதவிடத்துக் கழுத்தையும் முதுகையும் அசைத்துத் தூக்கலாகாது. போலீசு வழக்கு நேருமென்று அஞ்சுவோர் அறிக: உதவி செய்தாரைத் துன்புறுத்தலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 இல் நெறிமுறைகளை உறுதிப்படுத்தியது; 2019 ஆம் ஆண்டுத் திருத்தமும் 134ஏ பிரிவால் அவர்க்குக் காப்பளித்தது. காயமுற்ற முதல் ஒரு மணி நேரமே உயிர் காக்கும் நேரம். பணத்திற்கு என்செய்வோம் என்று மலைத்தலும் வேண்டா. நம் மாநில அரசு 2021 டிசம்பர் 18 இல் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற வழிசெய்தது.

இறுதியாக, நம் சங்கத்தைப்பற்றியே ஒன்று சொல்லவேண்டும். கேட்பார்க்குக் கசப்பாயினும் பொறுத்தருள்க. ஆண்டு விழா ஊர்வலத்தில் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் நூற்றுக்கணக்கில் முன்செல்கின்றன. ஒரு வண்டியில் மூவர், நால்வரும் உண்டு. ஒருவர் தலையிலும் கவசமில்லை. சைலன்சரைக் கழற்றிய ஓசையால் வீதியோரத்து முதியோர் நெஞ்சு நடுங்குகின்றது. இதனைச் சமூகத்தின் வலிமை என்று மேடையிற் புகழ்கின்றோம். பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டுகிறோம் என்று சொல்லி அபாயத்தையே பழக்குகின்றோம். அவர்களுள் ஒருவன் வீழ்ந்தால் நாம் செய்யக்கூடியது ஒரு நிமிஷ மௌனமும் ஓர் இரங்கல் தீர்மானமுமே. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் மறதியே அங்கே கடியப்படுவது. விழா நாளின் மறதி அதுவேயாகும்.

ஆகவே நான்கு தீர்மானங்களை இம்மகாசபையின்முன் வைக்கின்றோம். ஒன்று, சங்க ஊர்வலம் இனி நடந்தே செல்லவேண்டும். இரண்டு, பரிசளிப்பு விழாவில் உயர்கல்விக்குச் செல்லும் மாணவ மாணவியர்க்குச் சால்வைக்கு மாறாக முத்திரையிட்ட தலைக்கவசம் வழங்கவேண்டும். மூன்று, திருமணச் சீரில் மணமகனுக்கு வண்டி கேட்கும் வழக்கத்தைச் சங்கம் கண்டிக்கவேண்டும்; தாமே மனமுவந்து வழங்குவோர் மணமக்கள் இருவர்க்கும் இரண்டு கவசங்களும் சேர்த்தே வழங்கவேண்டும். நான்கு, சங்க மாணவர் விடுதியில் ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் வண்டி நிறுத்த இடந்தரலாகாது.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவது தீர்மானத்தால் பெட்ரோற் செலவும் மிச்சமாகும். பெரியோர் ஆராய்ந்து, வேண்டுமிடத்துத் திருத்தி, இன்றே நிறைவேற்றியருளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.