தங்கசாலைத் தெருவில் அச்சேறிய சமணத் தமிழ்



சென்னையில் வளரும் தமிழ்ச் சமணக் குழந்தை பள்ளியில் தன்னைச் சமணர் என்று சொல்லிக்கொண்டால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "உங்கள் வீடு சௌகார்பேட்டையா?" இல்லை என்றால், "வீட்டில் இந்திதானே பேசுவீர்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. வந்தவாசிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளை, தமிழன்றி வேறொன்றும் வீட்டில் கேட்டறியாத பிள்ளை, திகைத்து நிற்கிறது. பெற்றோர் சிரித்துவிட்டு விட்டுவிடுகின்றனர். விட்டுவிடத் தக்க கேள்வி அன்று அது. அதற்குரிய விடை, வியப்பாக, அந்தச் சௌகார்பேட்டையிலேயே இருக்கிறது. அங்குள்ள தங்கசாலைத் தெருவின் பழைய கட்டடங்களைப் பற்றிய நினைவுகளுக்குள் இருக்கிறது.

தெற்கே பூங்கா நகரை ஒட்டித் தொடங்கி, நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையைக் கடந்து, வடக்கே மின்ட் மணிக்கூண்டை நோக்கிச் செல்லும் நீண்ட தெரு அது. வெள்ளையர் கறுப்பர் நகரம் என்று பெயரிட்டு, பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் என்று மாற்றிய பகுதியின் மேற்குப் பாகமான பெத்துநாயக்கன்பேட்டையில் அது அமைந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாணிகம் செய்த நாளில், நெய்த துணியை வெளுத்துக் கொடுத்த வண்ணார் இத்தெருவில் குடியிருந்தனர். ஆங்கிலேயர் இதனை அவர்கள் பெயராலேயே குறித்தனர். அவர்கள் வடக்கே நகர்ந்த இடமே வண்ணாரப்பேட்டை.

தெருவுக்கு இன்றைய பெயரைத் தந்தது அதன் வடகோடியில் இருந்த நாணயச்சாலை. அங்கே முதலில் இருந்தது வெடிமருந்துச் சாலை. 1841-42-இல் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலை அந்தக் கட்டடங்களுக்குப் பெயர்ந்து வந்தது. பெயரில் தங்கம் இருந்தாலும், அங்கே பெரிதும் அடிக்கப்பட்டவை வெள்ளியும் செம்புமே. வராகனைப் பின்னுக்குத் தள்ளி வெள்ளி ரூபாய் சென்னையின் தர நாணயமானது 1818-இலேயே நடந்து முடிந்த செய்தி. 1869-இல் நாணயம் அடிப்பதும் நின்றது. பிறகு அந்த வளாகத்திற்கு அரசு அச்சகம் வந்தது.

தமிழ் படித்தவர்க்கு இந்த மாற்றத்தில் ஒரு நயம் புலப்படும். நாணயம் அடிக்கும் இடத்திற்குப் பழந்தமிழில் அக்கசாலை என்று பெயர். நாணயத்தின் மேல் உருவைப் பொறிக்கும் கருவிக்கு அச்சு என்று பெயர். தாளின் மேல் எழுத்தைப் பொறிப்பதற்கும் அச்சு என்றே பெயர். வேறு மொழியில் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டியிருக்கும். தங்கசாலைத் தெரு தொழிலை மாற்றியது, சொல்லை மாற்றவில்லை.

ஆனால் அத்தெருவில் எழுத்தை அச்சிடுவதற்கு அரசு அச்சகம் வரவேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத் தொழிலின் மேலிருந்த கட்டுகளைத் தளர்த்திய பின்பு, இந்தப் பகுதியில் தமிழர் நடத்திய அச்சுக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சிறிய வீடு, முன்னே திண்ணை, நடுவே முற்றம், முற்றத்து வெளிச்சத்தில் எழுத்துக் கோப்பவர், பின்கட்டில் கையால் இயக்கும் பொறி: அச்சுக்கூடம் என்பது அந்நாளில் பெரும்பாலும் இவ்வளவே. ஓலைச்சுவடி முன்வாசல் வழியாக உள்ளே சென்று, புத்தகமாகத் திரும்பி வந்தது.

அவற்றுள் ஒன்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலருடையது. 1849-இல் அச்சுப்பொறி வாங்குவதற்காகச் சென்னைக்கு வந்தவர் அவர். பொறியோடு திரும்பி வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் கண்டார். பின்னர்ச் சென்னையிலும் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அதன் பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை. முகவரி தங்கசாலைத் தெரு, 300-ஆம் எண். 1879-இல் நாவலர் மறைந்த பின்பும் அந்த முகவரியிலிருந்து நூல்கள் வந்துகொண்டே இருந்தன. பழைய சைவ நூல்களின் முகப்புத் தாளைப் புரட்டியவர் எவரும் அந்த வரியைக் காணாமல் இருந்திருக்க முடியாது.

சைவத்தின் அரண் போல் நின்ற நாவலர்க்கும் தமிழ்ச் சமணர்க்கும் என்ன தொடர்பு என்று அவையில் சிலர் நினைக்கக்கூடும். நினைப்பது நியாயமே. பிற சமயங்களை மறுத்து எழுதுவதில் அவர் சிறிதும் தயங்காதவர். அருகன் நெறியிடம் அவர்க்குப் பரிவு இருந்தது என்று சொல்லவும் முடியாது. எனினும் 1849-இல் சென்னைக்கு வந்தபோதே அவர் அச்சிட்ட நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டு. அதனை இயற்றிய மண்டலபுருடர் சமணர். 1851-இல் அவர் வெளியிட்டது நன்னூல் விருத்தியுரை. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர் என்பதை இந்த அவையில் சொல்லவும் வேண்டுமோ! பின்னர் நாவலர் மாணாக்கர்க்கென நன்னூலுக்குக் காண்டிகையுரையும் எழுதினார். அந்தக் காண்டிகையுரை தங்கசாலைத் தெரு அச்சுக்கூடத்திலிருந்து மீண்டும் மீண்டும் பதிப்பாகி, ஈழத்திலும் தமிழகத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கற்றவர் கைகளில் தவழ்ந்தது.

இதன் காரணத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. சொல்லுக்குப் பொருள் தெரியவேண்டுமா, நிகண்டு வேண்டும். எழுத்தும் சொல்லும் பிழையின்றி அறியவேண்டுமா, நன்னூல் வேண்டும். தேவாரத்தைப் பிழையறப் படிக்க விரும்பும் மாணாக்கனும் இவ்விரு வாயில்கள் வழியாகவே உள்ளே செல்லவேண்டியிருந்தது. இரண்டு வாயில்களையும் கட்டியவர் சமணச் சான்றோர். நாவலர்க்கு இது தெரியாததன்று. கொள்கையில் எதிர்நின்றவர் நூலைக் கல்விக்குத் தேவை என்று தம் செலவில் அச்சிட்டது, அவர் தமிழின்பால் கொண்ட நேர்மை. தமிழ்ச் சமணர் அதனை மனங்கோணாமல் ஏற்று மதிக்கலாம்.

நன்னூலுக்கு முதல் உரை கண்ட மயிலைநாதரும் சமணரே. அவர் பெயரில் இருக்கும் மயிலை, சென்னையின் மயிலாப்பூர். அங்கே நேமிநாதர்க்குக் கோயில் இருந்தது என்பதும், அத்திருவுருவமே கடல்கோளுக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோகப்பட்டது என்பதும் தமிழ்ச் சமணரிடையே வழிவழியாக வரும் செய்தி. மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவிற்குப் போய்வரும் குடும்பங்களுக்கு அது நன்கு தெரியும். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும் அந்த மயிலைப் பெருமானை நினைந்தே. கம்பெனியார் கோட்டை கட்டுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நிலத்தில் சமணத் தமிழ் வழங்கியது. மயிலைநாதர் உரையை உ. வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்தார். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் சென்னையிலேதான். கும்பகோணத்துச் சமணப் பெரியோர் அந்நூலின் சமயக் கருத்துகளை அவர்க்கு விளக்கி உதவியதை அவரே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

மீண்டும் தெருவுக்கு வருவோம். தங்கசாலைத் தெருவில் யார் யாரெல்லாம் வாழ்ந்து போயினர் என்பது பெரிய கதை. அங்குள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவர் கம்பெனியின் துபாஷியாக இருந்த அளங்காத்த பிள்ளை. வடகோடியில், கோட்டைக்குக் குடிநீர் அனுப்புவதற்காக 1772-இல் திட்டமிட்டுத் தோண்டிய கிணறுகளால் ஏழுகிணறு என்று பெயர் பெற்ற பகுதி. அங்கே வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த இல்லம் இருக்கிறது. கந்தகோட்டத்திற்கு நாள்தோறும் அவர் நடந்து போனது அங்கிருந்துதான். உயிர்க்கொலையும் புலாலும் மறுத்த அவரிடம் தமிழ்ச் சமணர்க்குத் தனி மதிப்பு எப்போதும் உண்டு. அவர் 1858-இல் சென்னையை விட்டுப் போய்விட்டார். பிற்காலத்தில் அருட்பா குறித்து நாவலர் அவரோடு மோதி, வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதையும், அவ்விருவர் நினைவையும் ஒரே தெருவின் வடபகுதி சுமந்துகொண்டிருப்பதையும் எண்ணினால் புன்னகை வரும்.

யூதரும் அங்கே இருந்தனர். வைரமும் பவழமும் விற்ற அவர்களின் நினைவு, அருகிலுள்ள பவழக்காரத் தெருவின் பெயரில் எஞ்சியிருக்கிறது. அவர்களின் இடுகாடு தங்கசாலைத் தெருவில் இருந்தது. பின்னர் அக்கல்லறைக் கற்கள் இடம்பெயர்ந்து காசிமேட்டுக்கும், 1983-இல் லாயிட்ஸ் சாலைக்கும் போய்ச் சேர்ந்தன. இறந்தவரையும் இந்நகரம் இருமுறை குடிபெயர்த்திருக்கிறது.

பள்ளிகள் நிலைத்தன. 1854-இல் தோன்றிய தொண்டைமண்டலம் துளுவ வேளாளர் பள்ளியும், 1889-இல் சிவசங்கர பாண்டியா தொடங்கிய இந்து தியலாஜிகல் பள்ளியும் இத்தெருவின் பிள்ளைகளுக்கு இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் இடங்கள். திரையரங்குகள் நிலைக்கவில்லை. ரகுபதி வெங்கையா இத்தெருவில் கட்டிய கிரவுன் இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31-இல் திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரல், பிற்காலத்து முருகன் திரையரங்கு, அதுவும் இல்லை. பம்பாயிலிருந்து வந்த அதன் படச்சுருளுக்கு வழியெங்கும் மலர் தூவி வரவேற்பளித்தனர் என்று சொல்லுவர். அந்த வழி வால்டாக்ஸ் சாலை. மதில் கட்டிய செலவுக்காகத் தண்டவேண்டும் என்று கம்பெனியார் எண்ணி, கடைசி வரை தண்டாமலே விட்ட வரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் சாலை.

குஜராத்திலிருந்தும் இராசபுதனத்திலிருந்தும் வந்த வணிகக் குடும்பங்கள் இத்தெருவின் முகத்தை மாற்றின. திண்ணைகள் மறைந்து கடைகளாயின. ஓடு வேய்ந்த வீடுகள் இருந்த குறுகிய மனைகளில் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அடகுக் கடை, பாத்திரக் கடை, துணிக் கடை, இனிப்புக் கடை என்று நெருங்கி நிற்கும் இடத்தில் மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் ஒன்றையொன்று கடக்க முடியாமல் திணறுகின்றன. நடுவே சந்திரபிரபு தீர்த்தங்கரர்க்குப் பழைய கோயில், புதிய கோயில் என்று இரண்டு. எட்டாம் தீர்த்தங்கரராகிய அப்பெருமானுக்குத் திருப்பருத்திக்குன்றத்திலும் கோயில் உண்டு. அது தமிழ்ச் சமணர் வழிவழியாக வணங்கிவருவது. சௌகார்பேட்டையில் பெரும்பான்மையர் சுவேதாம்பரர், தமிழ்ச் சமணர் திகம்பரர் என்ற வேறுபாடு இருப்பினும் வணங்கும் பெருமான் ஒருவரே. வந்தவர்கள் கோயில் எழுப்பித் தம் நெறியைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தனர், அது பாராட்டுக்குரியது. தமிழ்ச் சமணம் அத்தெருவில் கோயில் எழுப்பவில்லை. புத்தகமாக அங்கிருந்து புறப்பட்டுப் போயிற்று. ஆகையால்தான் வழிப்போக்கன் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது, மற்றொன்று தெரிவதில்லை.

300-ஆம் எண்ணைத் தேடி இன்று செல்பவர் எளிதில் ஏமாறுவார். சென்னையில் ஒவ்வொரு வாயிலுக்கும் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள். நாவலர் காலத்து எண்ணோ அவ்விரண்டுக்கும் முந்தியது. எண்ணை வைத்துக் கட்டடத்தைத் தேடுவதை விட, புத்தகத்தை வைத்துத் தேடுவது பயன் தரும். வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டத்து ஊர்களிலுள்ள நயினார் வீடுகளின் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் பழைய நிகண்டும் நன்னூலும் சிந்தாமணியும் இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய புத்தகம் கிடைத்தால் முதலில் பார்க்கவேண்டியது முகப்புத் தாள். மேலே நூலாசிரியர் பெயர், நடுவே உரையாசிரியர் அல்லது பதிப்பாசிரியர் பெயர், கீழே அச்சுக்கூடமும் தெருவும் ஆண்டும் இருக்கும். பழைய பதிப்புகளில் ஆண்டு பிரபவ முதலிய தமிழ் ஆண்டுப் பெயராகவும் வரும். அதனை ஆங்கில ஆண்டாகக் கணக்கிட வீட்டுப் பெரியவர் உதவலாம்.

முதலில் உதிர்ந்து போவதும் அந்தத் தாள்தான். பூச்சி அரிப்பதும், அட்டை போடுகிறவர் கிழித்து எறிவதும் அதனையே. ஒட்டுநாடா ஒட்டிப் பழுது பார்ப்பது கூடாது; பசை காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி உடைத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில், மற்றப் புத்தகங்களின் கனம் மேலே ஏறாதபடி படுக்கையாக வைத்தால் போதும். வீட்டில் காக்க இயலாதவர்கள் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தையோ அணுகிக் கேட்கலாம். கொடுப்பதற்கு முன், முகப்புத் தாளைப் பிள்ளைகளைக் கொண்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பவணந்தி முனிவர் என்ற பெயரையும் தங்கசாலைத் தெரு என்ற முகவரியையும் அவர்கள் வாயாலேயே படிக்கட்டும்.